கழியா, காலி மனையா?

உடைஞ்ச பாலத்துக்கிட்ட நின்னு போட்டோ எடுக்காத சென்னைக் கல்லூரி மாணவர் ரொம்பக் குறைவு. 1967-ல் கட்டி, 1977 வெள்ளத்தில் உடைந்த பாலம் அது. சரி, அங்கிருந்து வடமேற்கே, குவிபிள் தீவைச் சுற்றி வளைஞ்சு போற அடையாறு கழியைப் பார்த்திருக்கீங்களா?

"சாந்தோம் பக்கத்துல தீவா?"ன்னு கேட்பீங்க. அதான் விஷயமே. ஒரு பக்கம் ஆறு, மத்த பக்கம் கழி. கழியோட ஓரங்களை மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி நிரப்பிட்டதால, தீவுன்னு பேர் மட்டும் மிச்சம். 1746 அக்டோபரில் ஒரு சிறு பிரெஞ்சுப் படை, இந்த முகத்துவாரத்துக்கிட்ட ஆற்றைக் கடந்துதான் ஆற்காடு நவாபின் பெரும்படையைத் தோற்கடித்தது.

கழி சும்மா தேங்கி நிற்கிற தண்ணி இல்லை. தினமும் ரெண்டு தடவை கடல் உள்ளே வந்து, திரும்பிப் போகணும். அந்த உப்பும் நன்னீரும் கலந்த இடத்துலதான் அலையாத்தி வேர் விடும், மடவைக் குஞ்சு வளரும், நாரையும் உள்ளானும் இரை தேடும். முகத்துவாரத்தை மணல் அடைச்சிட்டா எல்லாம் நின்னுடும். அலை தள்ளுற மணலை வெளியேத்த ஆத்துல ஓட்டம் வேணும். கோடையில அதுல ஓடுறது பெரும்பாலும் சாக்கடைதான்.

2011-ல் 58 ஏக்கரில் அடையாறு பூங்கா திறந்தாங்க. இடிபாடுகளை அள்ளி, தண்ணியை உள்ளே விட்டதும் பறவைகள் திரும்பி வந்துச்சு. நல்ல வேலை, மறுக்கலை. ஆனா வேலி போட்ட பூங்காவோட கடமை முடிஞ்சதா நினைக்கிறது தப்பு. சாக்கடை கலக்குறது நிக்காம, முகத்துவாரம் திறந்திருக்காம, பூங்கா தனியாப் பிழைக்காது.

"வளர்ற ஊருக்கு நிலம் வேண்டாமா?" வேணும்தான். ஆனா வெள்ளத்துக்கும் இடம் வேணுமே? 2015 டிசம்பரில் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீட்டுக்குள்ள ஏறின தண்ணி, போக இடம் தேடின தண்ணிதானே!

நாளைக்கு நம்மில் யாரோ ஒருத்தர்தான் இப்படி ஒரு இடத்துக்கு வரைபடம் போடப் போறோம். தண்ணி நிற்கிற இடத்தை வெறும் பள்ளம்னு குறிச்சு, எத்தனை லோடு மண் வேணும்னு கணக்கு போடுறதுக்கு முன்னாடி, ஒரு சாயங்காலம் அந்தக் கழிக்கரையில நின்னு பாருங்க. தண்ணி எந்தப் பக்கம் நகருதுன்னு கவனிங்க. அந்த லெவலையும் எடுத்துட்டு, அப்புறம் கணக்கு போடுங்க.