எலிப்படையும் ஆட்டுப்படையும்: திரள்படையின் பலமும் பலவீனமும்

கொல்கத்தாவின் பாலிகஞ்ச் பகுதியில், கரியாஹாட் மேம்பாலத்தின் அடியில், மாலை வேளைகளில் சதுரங்கப் பலகைகள் விரிகின்றன. மேலே வாகனங்கள் ஓட, கீழே முதியவரும் இளைஞரும் எதிரெதிராக அமர்ந்து காய் நகர்த்துகின்றனர். அங்கே படைகள் சமம். 16 காய்களுக்கு எதிராக 16 காய்கள். போர் விளையாட்டு என்றாலே சமமான இரு படைகளின் மோதல் என்னும் எண்ணத்தை உலகெங்கும் ஊன்றியதில் சதுரங்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆனால் அதே வங்கத்தில், பலகை கூடத் தேவைப்படாமல் தரையில் கோடு கிழித்து ஆடப்படும் மற்றொரு விளையாட்டும் உண்டு. அதன் பெயர் பாக்பந்தி. ஒருபுறம் சில புலிகள்; மறுபுறம் ஆடுகளின் திரள். தமிழர் இதன் உறவினை ஆடுபுலி ஆட்டம் என்று அறிவர். வலியவர் சிலருக்கும் எளியவர் பலருக்கும் இடையிலான போர் இது. இன்றைய சிற்றுருவப் போர் விளையாட்டுகளில் 'ஹோர்ட் ஆர்மி' என்று பேசப்படும் திரள்படையின் பலத்தையும் பலவீனத்தையும் இந்த விளையாட்டைப் போலத் துல்லியமாகக் காட்டுவது வேறொன்றில்லை.

சிற்றுருவப் போர் விளையாட்டு மேற்கில் நீண்ட மரபுடையது. 1824-இல் பிரஷ்யப் படையதிகாரிகளின் பயிற்சிக்கெனக் 'கிரீக்ஸ்பீல்' விதிகள் அச்சாயின. 1913-இல் எச்.ஜி.வெல்ஸ் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் விதிகளை 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலாக்கினார். 1983-இல் 'வார்ஹாம்மர்', 1987-இல் அதன் எதிர்கால வடிவமான 'வார்ஹாம்மர் 40,000' ஆகியன வெளிவந்தன. இவற்றில் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. இருவரும் சமமான புள்ளிகளையே செலவிடுவர். ஆனால் ஒருவர் விலையுயர்ந்த சிலரை வாங்கலாம், மற்றவர் மலிவான பலரை வாங்கலாம். இரண்டாவது வழியே திரள்படை. அதை ஆடுவோர் குறித்து ஓர் ஏளனமும் உண்டு: சிந்தனை வேண்டாம், எண்ணிக்கையைக் கொட்டினால் போதும் என்பதே அது.

தமிழ் மரபும் எண்ணிக்கையை எளிதில் மதித்துவிடவில்லை. திருக்குறளின் படைமாட்சி அதிகாரம், கடலெனத் திரண்டு ஆரவாரிக்கும் எலிகளை ஒற்றை நாகத்தின் மூச்சு அழித்துவிடும் என்கிறது. இவ்வாறு குறள் எலிப்படையை எள்ளுகிறது. திண்ணையில் ஆடப்படும் ஆட்டமோ ஆட்டுப்படைக்கு வெற்றி வாய்ப்பு அளிக்கிறது. இரண்டும் ஒரே மொழிச் சமூகத்தின் அறிவு. இவை முரண்படுகின்றனவா என்பதே இங்குள்ள கேள்வி.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். ஆங்கிலப் பொறியாளர் லான்செஸ்டர் 1916-இல் வெளியிட்ட நூலில் எண்ணிக்கையின் ஆற்றலை இரு விதிகளாக வகுத்தார். எல்லோரும் எல்லோரையும் சுடக்கூடிய போரில், படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. இருமடங்கு எண்ணிக்கையை ஈடுசெய்ய நான்கு மடங்கு திறன் வேண்டும். ஒருவருக்கு ஒருவர் என நெருங்கிப் பொருதும் போரிலோ, இருமடங்கு எண்ணிக்கைக்கு இருமடங்கு திறன் போதும். ஆகவே, எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைவிட எத்தனை பேர் ஒரே வேளையில் செயற்பட முடிகிறது என்பதே முக்கியமானது. திரள்படை அகன்ற முகப்பைத் தேடுகிறது. சிறுபடை குறுகிய வாயிலைத் தேடுகிறது.

மேசைப் போர்களில் திரள்படையின் நற்பயன்கள் இதிலிருந்தே தோன்றுகின்றன. அதனால் பல இடங்களை ஒரே நேரத்தில் கைப்பற்றி நிற்க முடிகிறது. எதிரி இறங்க நினைக்கும் நிலத்தை உடல்களால் நிரப்பிவிட முடிகிறது. கவச வண்டியை உடைக்கவல்ல பெரும் பீரங்கி, மலிவான ஒரு வீரனைக் கொன்று தன் ஆற்றலை வீணாக்குகிறது. குறைகளும் இதே ஊற்றிலிருந்துதான். நெருங்கி நிற்கும் கூட்டத்தின் நடுவே வெடிகுண்டு விழுந்தால், எண்ணிக்கையே எதிரிக்குப் பரிசாகிறது. இடிபாடுகளுக்கு இடையே பாதை குறுகும்போது பின்வரிசை வெறும் பார்வையாளராகிறது. நூறு வீரரை நகர்த்தும் நேரத்தில் ஆட்டக் கடிகாரம் பாதி ஓடிவிடுகிறது. அவர்களுக்கு வண்ணம் தீட்டும் உழைப்பும் பணமும் தனிக்கதை.

ஆடுபுலி ஆட்டம் இவற்றையெல்லாம் களைந்து சிக்கலின் வேரை மட்டும் நிறுத்துகிறது. பரவலாக ஆடப்படும் வடிவத்தில் 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். ஆட்டுக்குத் தாக்கும் ஆற்றல் அறவே இல்லை. 15 சுழிகளைக் கூட்டினாலும் சுழியே. எனவே லான்செஸ்டரின் கணக்கு இங்கே நுழைவதற்கே இடமில்லை. ஆடுகள் கொன்று வெல்வதில்லை. புலி நகர முடியாதபடி அடைத்து வெல்கின்றன.

அடைப்பது எப்படி என்பதில்தான் திரளின் உண்மையான பலம் உள்ளது. புலி ஓர் ஆட்டைத் தாவி வெட்ட வேண்டுமானால், அந்த ஆட்டுக்கு நேர் பின்னே உள்ள புள்ளி காலியாக இருக்க வேண்டும். பின்னே மற்றோர் ஆடு நின்றால் முன்னால் நிற்கும் ஆட்டை ஒன்றும் செய்ய இயலாது. அதாவது, ஓர் ஆட்டின் உயிர் அதன் சொந்த வலிமையில் இல்லை. பின்னால் நிற்பதன் இருப்பில் இருக்கிறது. பழந்தமிழ்ப் போர்ச்சொற்களில் படையின் முன்னணி தூசி, பின்னணி கூழை. இந்த ஆட்டத்தில் தூசியைக் காப்பது கூழையே. மேலும் எல்லா ஆடுகளும் களத்தில் இறங்கும் வரை, இறங்கிய ஆடுகள் நகர்வதில்லை. கையில் எஞ்சியிருக்கும் ஆட்டைப் புலியால் தொட முடியாது. இன்னும் களமிறங்காத சேமப்படையே திரளின் மிகப் பாதுகாப்பான பகுதி.

பலவீனமும் அதே விதியிலிருந்தே பிறக்கிறது. ஒன்றையும் இழக்காமல் 15 ஆடுகளும் இறங்கிவிட்டால், 23 புள்ளிகளில் 18 நிரம்பி 5 மட்டுமே காலியாக இருக்கும். 4 ஆடுகள் வெட்டுப்பட்டால் காலியிடம் 9 ஆகிவிடும். இழந்தது படையில் நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. ஆனால் புலி உலவும் வெளி ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது. ஓர் ஆடு இறக்கும்போது அதன் இடம் மட்டும் காலியாவதில்லை. அதை நம்பி முன்னே நின்ற ஆடுகளும் காவலிழக்கின்றன. திரள்படை மெல்லத் தேய்வதில்லை. ஒரு கட்டத்துக்குப் பின் சரிகிறது. 'போனால் ஒன்றுதானே' என்று எண்ணும் ஆட்டுக்காரர் தோற்பது இதனால்தான்.

இரண்டாவது பலவீனம் நுட்பமானது. எல்லா ஆடுகளும் இறங்கிய பின், ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஓர் ஆட்டை நகர்த்தியே ஆக வேண்டும். அணி குறைவற்று நிற்கும் வேளையிலும் ஒன்று தன் இடத்தை விட்டு விலக வேண்டும். விலகிய இடம் புலிக்கு வாயிலாகலாம். அசையாது நிற்பதைத் தன் பலமாகக் கொண்ட படையை அசையும்படி கட்டாயப்படுத்துகிறது இந்த விதி. புலியாடுபவர் மூன்று காய்களைக் கவனித்தால் போதும். ஆடாடுபவரோ பதினைந்தின் பின்புறங்களையும் கவனிக்க வேண்டும். திரள்படை சிந்தனையற்றவர்க்கு உரியது என்னும் ஏளனத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேண்டியதில்லை.

அப்படியாயின் இறுதியில் வெல்வது யார்? நேபாளத்தின் பாக்சால் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள் கொண்டது. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் ஆகிய இரு கணினி அறிஞர்கள் அதை ஆராய்ந்து, இருதரப்பும் பிழையின்றி ஆடினால் முடிவு சமனே என்று நிறுவினர். இந்த முடிவு பாக்சாலுக்கு உரியது. ஆடுபுலிக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. எனினும் தாக்கும் ஆற்றலே இல்லாத ஒரு திரள், பாயும் ஆற்றல் கொண்ட சிலருக்குச் சரிநிகராக நிற்க முடியும் என்பதற்கு அது சான்று.

ஆனால் மேசை ஓர் உண்மையை மறைக்கிறது. அதைக் காண மீண்டும் பாலிகஞ்சுக்கே வரலாம். பிரிட்டிஷ் காலத்தில் பாலிகஞ்ச் திடல் கவர்னர் ஜெனரலின் மெய்க்காவல் குதிரைப்படை தங்கிய இடம். எண்ணிக்கையில் சிறியதும் பயிற்சியில் தேர்ந்ததுமான படை அது. அத்தகைய ஆட்சி வங்கத்தில் காலூன்றியது 1757 ஜூன் 23-இல், பிளாசியில். நவாப் சிராஜுத்தௌலாவின் படை ஏறத்தாழ 50,000. கிளைவின் படை ஏறத்தாழ 3,000. எண்ணிக்கை தோற்றது என்று இதைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். உண்மையில் மீர் ஜாபர் முதலியோரின் கீழ் நின்ற பெரும்பகுதிப் படை போரில் இறங்கவே இல்லை. களத்தில் நின்ற எண்ணிக்கை வேறு, செயற்பட்ட எண்ணிக்கை வேறு. ஆடுபுலிப் பலகையில் 15 ஆடுகளையும் ஒரே கை நகர்த்துகிறது; ஓர் ஆடு புலியோடு உடன்படிக்கை செய்துகொள்ள வழியில்லை. எந்த மேசைப் போரும் திரள்படைக்கு அளிக்கும் மிகப் பெரிய சலுகை இதுவே. வாழ்க்கையில் திரள்கள் தம் ஒற்றுமையைத் தாமே உழைத்து உண்டாக்க வேண்டியிருக்கிறது.

சொற்களும் இங்கே சாட்சி சொல்கின்றன. 'ஹோர்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலம் 'ஓர்து' என்னும் துருக்கியச் சொல். அதன் பொருள் படைமுகாம். உருது மொழியின் பெயரும் அதே வேரிலிருந்து வந்தது. பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என அடுக்கடுக்காக ஒழுங்கமைந்த மங்கோலியப் படையைக் குறித்த அச்சொல், ஐரோப்பாவுக்குள் நுழைந்தபின் ஒழுங்கற்ற கும்பலைக் குறிக்கலாயிற்று. அந்த ஏளனத்தைச் சிற்றுருவப் போர் விளையாட்டுகளும் சுமக்கின்றன. அவற்றில் திரளாக வருவோர் பெரும்பாலும் பூதங்கள், எலிமாந்தர், பூச்சியினங்கள். 'ஹோர்ட்' என்பது எப்போதும் அயலாரின் படை.

ஆடுபுலி என்னும் தமிழ்ப்பெயரிலோ ஆடு முதலில் வருகிறது, புலி பிறகு. வங்கப்பெயர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பாக் என்றால் புலி, பந்தி என்றால் சிறைப்பட்ட நிலை. ஆடுகளின் வெற்றியே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. 1975-இல் உத்தம்குமார் நடித்த 'பாக்பந்தி கேலா' என்ற திரைப்படத்தின் தலைப்பாகும் அளவுக்கு அது வங்கப் பேச்சில் ஊறியது. இம்மொழிகளில் திரள் என்பது அயலார் அன்று. ஆடுபவரே திரளின் பக்கம் அமர்ந்து சிந்திக்கிறார்.

இதனால் கல்வியுலகுக்கும் ஒரு கடமை எழுகிறது. எச்.ஜே.ஆர்.மரே 1952-இல் வெளியிட்ட பலகை விளையாட்டு வரலாற்றில், இவ்வகை ஆட்டங்களைப் போர் விளையாட்டுகளிலிருந்து பிரித்து வேட்டை விளையாட்டுகள் என வகுத்தார். அந்தப் பகுப்பு வசதியானது. ஆனால் சமமற்ற படைகளின் போரைப் பற்றி எளிய மக்கள் உருவாக்கிய கோட்பாட்டை அது கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. 1920-களில் நிலவியல் பேராசிரியர் ஹேம்சந்திர தாஸ்குப்தா, இந்தியாவின் பல பகுதிகளில் அமர்ந்து ஆடும் விளையாட்டுகளைத் தொகுத்து வங்காள ஆசியச் சங்க ஆய்விதழில் பதிவு செய்தார். நாட்டின் தொன்மையான மானிடவியல் துறைகளுள் ஒன்று கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலிகஞ்ச் வளாகத்தில் உள்ளது. தமிழகக் கோயில் மண்டபத் தரைகளிலும் ஆட்டக் கோடுகள் இன்றும் காணக் கிடைக்கின்றன. கோடுகளைப் படமெடுத்துப் பாரம்பரியம் என்று போற்றுவது போதாது. எத்தனை ஆடு, எத்தனை புலி, எத்தனை இழந்தால் தோல்வி என்பவை ஊருக்கு ஊர் மாறுகின்றன. ஒவ்வொரு மாற்றமும் எளியவர் எத்தனை இழப்பைத் தாங்க முடியும் என்பது குறித்து அந்த ஊர் கண்ட முடிவு. அந்த விதிகளே பதிவு செய்யப்பட வேண்டியவை.

எலிகளுக்கும் ஆடுகளுக்கும் இடையிலான முரண் இப்போது தீர்கிறது. எலிகளின் கடலை எள்ளிய அதே அதிகாரம், இரண்டு குறள் தள்ளி, கூற்றுவனே சினந்து எதிர்வந்தாலும் கூடி நின்று எதிர்க்கும் ஆற்றலே படை என்கிறது. குறள் மறுப்பது எண்ணிக்கையை அன்று, எண்ணிக்கையின் ஆரவாரத்தை. எலிகள் சேர்ந்து ஒலித்தன. ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. எந்தத் திரளையும், அது மேசையில் நின்றாலும் தெருவில் நின்றாலும் வளாகத்தில் நின்றாலும், அளக்க வேண்டிய முதற்கேள்வி 'எத்தனை பேர்?' என்பதன்று, 'முன்னால் நிற்பவரின் பின்னால் யாரேனும் நிற்கிறார்களா?' என்பதே.