பீட்டில்ஸ் மாநாடும் லிவர்பூல் தெருக்களும்

ஆகஸ்ட் மாதக் கடைசியில், வங்கி விடுமுறையை ஒட்டிய நாட்களில், லிவர்பூல் நகரம் பீட்டில்ஸ் ரசிகர்களால் நிரம்பிவிடுகிறது. ஜப்பானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வரும் இசைக்குழுக்கள் அதே கோட்டும் அதே கிராப்புமாக மேடையேறுகின்றன. பால் மெக்கார்ட்னி வேடம் போடுகிறவர் கையில் இடக்கை பேஸ் கிட்டார் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டம் விடாது. மேத்யூ தெருவிலுள்ள கேவர்ன் கிளப்பில் பகலில் தொடங்கும் பாட்டு நள்ளிரவைத் தாண்டியும் ஓடுகிறது. வாரக் கடைசியில் ரசிகர் மாநாடு: பழைய இசைத்தட்டுகளைப் பேரம் பேசி வாங்கலாம், அந்த நால்வரோடு பழகியவர்கள் நினைவுகளைச் சொல்லக் கேட்கலாம். குழு பிரிந்தது 1970இல். வருகிறவர்களில் கணிசமானோர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

இவர்களைப் பற்றி ஊருக்குள் இரண்டு விதப் பேச்சு உண்டு. ஒன்று வருமானம். 2016இல் நகராட்சி வெளியிட்ட ஆய்வு, பீட்டில்ஸ் பெயரால் ஆண்டுக்குச் சுமார் 8.2 கோடி பவுண்டு புழங்குவதாகவும் 2,335 வேலைகள் அதை நம்பியிருப்பதாகவும் கணக்கிட்டது. இன்னொன்று தொல்லை: சுவரில் கிறுக்குகிறார்கள், வாசலை மறித்து நின்று படம் எடுக்கிறார்கள், பீட்டில்ஸ் பாட்டில் வரும் பென்னி லேன் தெருவின் பெயர்ப்பலகையைப் பெயர்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள் (பலகைகள் ஓயாமல் திருடுபோனதால் தெருப் பெயரைச் சுவரிலேயே வர்ணத்தில் எழுதிவைக்க வேண்டியதாயிற்று). இரண்டு பேச்சிலும் ரசிகர் வெளியாள்தான். காசு போடுகிறவர், அல்லது குப்பை போடுகிறவர். ஊரைப் பேணுவதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஊரார் எண்ணுவதில்லை; அவரும் எண்ணிக்கொள்வதில்லை. அந்தப் பங்கை வெளிப்படையாகப் பேசி வகுத்துக்கொள்ள வேண்டிய நேரம் இது.

அப்படிப் பேச உட்காரும்போது எந்தத் தரப்பும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள முடியாது. பீட்டில்ஸ் 292 முறை மேடையேறியதாகச் சொல்லப்படும் கேவர்ன் கிளப்பை 1973இல் இடித்தது எந்த ரசிகரும் அல்ல. நிலத்தடி ரயில் பாதைக்குக் காற்றுப்போக்கி அமைக்கப் போவதாகச் சொல்லி இடித்தார்கள். அந்தக் காற்றுப்போக்கி கட்டப்படவே இல்லை. இடம் வண்டி நிறுத்துமிடமாகக் கிடந்தது. இன்று ரசிகர்கள் கண்கலங்கி நிற்கும் கேவர்ன், பழைய செங்கற்களில் ஒரு பகுதியைக் கொண்டு 1984இல் எழுப்பப்பட்டது. 2008இல் அந்த நால்வரில் ஒருவரான ரிங்கோ ஸ்டார் தொலைக்காட்சியில் ஊரைப் பற்றிக் கொஞ்சம் அலட்சியமாகப் பேசிவிட்டார் என்பதற்காக, ரயில் நிலையத்தில் செடியை வெட்டிச் செதுக்கியிருந்த அவருடைய உருவத்தின் தலையை யாரோ கொய்துவிட்டார்கள். அதற்கும் வெளியூர்க்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அதே ரிங்கோ பிறந்த மேட்ரின் தெருக் கதை இன்னும் சிக்கலானது. டிங்கிள் பகுதியில் 9ஆம் எண் வீடு. சுற்றியுள்ள வரிசை வீடுகளையெல்லாம் இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காகக் குடியிருந்தவர்களைக் காலி செய்யவைத்து, ஜன்னல்களை அடைத்துப் பல ஆண்டுகள் போட்டுவைத்திருந்தார்கள். ரசிகர்கள் தேடி வந்து, அடைத்த கதவின் மேல் தங்கள் பெயரையும் அன்பையும் எழுதிவிட்டுப் போனார்கள். வேறு சமயத்தில் அதைச் சேதம் என்போம். ஆனால் இடிப்பதற்குக் குறித்துவைத்த தெரு ஒன்றை உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அந்தக் கிறுக்கல்களே சாட்சியாயின. தெருவைக் காக்கப் போராடிய குடியிருப்பாளர்களுக்கும் மரபுக் கட்டட ஆர்வலர்களுக்கும் அந்தக் கவனம் துணை நின்றது. 2015இல் மத்திய அரசின் அமைச்சர் இடிப்புத் திட்டத்தை நிராகரித்தார். வீடுகள் பழுதுபார்க்கப்பட்டு மறுபடி மக்கள் குடியேறினார்கள். இடிக்கச் சொன்ன குடியிருப்பாளர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. ஓதம் ஏறிய வீட்டில் பிள்ளைகளோடு காலம் தள்ளியவருக்கு, எந்த இசைக்கலைஞன் பிறந்த தெருவானாலும், நல்ல வீடு கேட்க உரிமை உண்டு. ரசிகரின் ஆசை அந்த உரிமைக்கு மேல் ஏறி உட்காரக் கூடாது.

ஒழுங்காக வகுத்துக்கொண்டால் ஊரும் ரசிகரும் ஒத்துப்போவது நடக்கக்கூடியதே என்பதற்கு அதே ஊரில் சான்று உண்டு. ஜான் லெனன் வளர்ந்த மெண்டிப்ஸ் வீடும் மெக்கார்ட்னி குடும்பம் இருந்த ஃபோர்த்லின் சாலை வீடும் நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுக் காப்பு அமைப்பின் பொறுப்பில் உள்ளன. சிறிய வண்டியில் சிறு குழுவாக அழைத்துப் போகிறார்கள், உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. பக்கத்து வீட்டில் துணி உலர்த்துகிறவருக்கும் நிம்மதி, பார்க்க வந்தவருக்கும் நிறைவு. இதைவிடச் சிறந்தது பீட்டில்ஸ் பாட்டில் பெயர் வரும் ஸ்ட்ராபெரி ஃபீல்டு. சால்வேஷன் ஆர்மி நடத்திய குழந்தைகள் இல்லம் 2005இல் மூடப்பட்ட பிறகு, ரசிகர்கள் வெளிவாயிலோடு திரும்ப வேண்டியிருந்தது. 2019இல் வளாகம் திறக்கப்பட்டது. பார்வையாளர் தரும் நுழைவுக் கட்டணம், கற்றலில் தடை உள்ள இளைஞர்களை வேலைக்குத் தயார்செய்யும் பயிற்சிக்கு உதவுகிறது.

நம் நாட்டிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. 1968இல் பீட்டில்ஸ் தங்கியிருந்த ரிஷிகேஷ் ஆசிரமம் பிற்பாடு கைவிடப்பட்டுக் காடு மண்டியது. வனத்துறை பூட்டு போட்டது. ரசிகர்கள் சுவர் ஏறிக் குதித்தார்கள். 2015இல் கட்டணம் வைத்துத் திறந்ததும் குதிக்க வேண்டிய அவசியம் போயிற்று.

எதிர்முனையில் மேத்யூ தெருத் திருவிழா. 1993இல் தொடங்கிய இலவசத் தெருவிழா, ஆண்டுக்கு ஆண்டு கூட்டம் பெருகி, குடியும் ரகளையும் பற்றிய புகார்களோடு 2012இல் முடிவுக்கு வந்தது. எல்லோருடைய விழாவாக இருந்தது, ஆனால் அதன் பொறுப்பை எல்லோரும் பகிர்ந்துகொள்ளவில்லை.

ஆகவே மாநாட்டை நடத்துகிறவர்களிடம் முதல் கோரிக்கை. பாட்டு நேர அட்டவணையோடு எந்தெந்த வீட்டில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், எந்த நேரத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் சத்தம் கூடாது, ரசிகர்கள் தேடிப் போகும் உல்டன் புனித பீட்டர் தேவாலயக் கல்லறையில் துக்கத்தோடு வரும் குடும்பங்களுக்கு எப்படி வழிவிட வேண்டும் என்று அச்சிட்டுத் தர வேண்டும். ஊர்வாசிகளில் இருவரையாவது ஏற்பாட்டுக் குழுவில் சேர்க்க வேண்டும். நகராட்சி, பீட்டில்ஸ் தந்த வருமானத்தில் ஒரு பங்கைத் துப்புரவுப் பணியாளர்களின் கூடுதல் நேர ஊதியத்துக்கும் அந்தத் தெருக்களின் பராமரிப்புக்கும் ஒதுக்கிக் கணக்கைப் பகிரங்கமாக வைக்க வேண்டும்.

ரசிகர் பங்கு? பெரிய அரங்குகளின் டிக்கெட்டுகளில் ஒரு சிறு தொகையை எடுத்துச் சிறிய இசைக்கூடங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2024இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது. அரசும் அதை ஆதரித்தது. கேவர்னும் ஒரு சிறிய கூடம்தான். அங்கே மதிய இடைவேளைக் கூட்டத்துக்கு வாசித்து வாசித்தும் பீட்டில்ஸ் கை தேர்ந்தார்கள். மாநாட்டு டிக்கெட்டிலும் அப்படி 1 பவுண்டைச் சேர்த்து, லிவர்பூலில் இன்று பாடத் தொடங்கும், யாரும் பெயர் கேட்டிராத குழுக்களுக்கு மேடை கொடுக்கும் கூடங்களுக்குத் தரலாம். விமானச் செலவும் அறை வாடகையும் கொடுத்து வருகிறவர் அந்த ஒரு பவுண்டுக்கு முகம் சுளிக்கமாட்டார். அது எங்கே போகிறது என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பை ஏற்பாட்டாளரும் நகராட்சியும் இப்போதே ஏற்றுக்கொள்ளட்டும்.