மேரி இருக்கிறது, மேயர் எங்கே?

கடற்கரைச் சாலைக்குப் போகாத பாலிடெக்னிக் மாணவன் புதுவையில் உண்டா? அங்கே வெள்ளை வெளேரென்று நிற்கும் மேரி கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். 1870களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் கட்டியது. 2014 நவம்பர் 29ஆம் தேதி மழையில் அப்படியே சரிந்து விழுந்தது. பிறகு உலக வங்கிக் கடனில் பழைய சாயலிலேயே எழுப்பி, 2021 பிப்ரவரியில் பிரதமர் காணொளி வழியாகத் திறந்துவைத்தார். கட்டுமானம் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல வேலைதான். குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 'மேரி' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமா? மேயரின் இருப்பிடம், நகராட்சி மாளிகை! 1880லேயே பிரெஞ்சு அரசு ஆணை போட்டு இங்கே தேர்ந்தெடுத்த நகராட்சிகளை உண்டாக்கியது. (வெள்ளையருக்கு ஒரு பட்டியல், நமக்கு ஒரு பட்டியல் என்ற அநியாயம் அதில் இருந்தது. அது வேறு கதை.) விடுதலை பெற்ற புதுவையில் நடந்தது என்ன? 1968இல் நகராட்சித் தேர்தல். அடுத்தது 2006இல், அதாவது 38 ஆண்டுகள் கழித்து! அப்போது தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் தேதிகூட அறிவித்தார்கள். இட ஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. நான் இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் வரவில்லை. கடைசித் தேர்தல் நடந்தபோது நான் பிறக்கவே இல்லை. விழுந்த கட்டடம் ஆறரை ஆண்டுக்குள் எழுந்துவிட்டது, உள்ளே உட்கார வேண்டியவர்களைத்தான் காணோம்!

இதற்கும் நகர வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நிலைத்த வளர்ச்சி, பசுமை நகரம், ஸ்மார்ட் சிட்டி என்று கட்டுரைப் போட்டிகளில் எழுதி நாமும் பரிசு வாங்கியிருக்கிறோம். ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015இல் தொடங்கியது. புதுவை 2017 ஜூனில் தேர்வானது. விதிப்படி மத்திய அரசு ஒரு நகரத்துக்கு 500 கோடி வரை தரும், மாநிலமும் அதே அளவு போட வேண்டும். வேலையை நகராட்சி செய்யாது. அதற்கென்று ஒரு தனிக் கம்பெனி, அதற்கு ஒரு நிர்வாகக் குழு. 2025 மார்ச் 31ஆம் தேதியோடு அந்தத் திட்டம் முடிந்தது. புதிய பஸ் நிலையம் வந்தது, அழகாக இருக்கிறது. பழைய புல்வார் பகுதிக்குத்தான் கவனம் அதிகம். சுற்றுலாக்காரர் நடக்கும் இடம் அது. பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டுவோம் என்றபோது அங்கே கூடை வைத்து விற்கும் அம்மாக்களும் கடைக்காரர்களும் தெருவுக்கு வந்து போராட வேண்டியிருந்தது. முன்கூட்டியே அவர்கள் பேச ஒரு மன்றம் இருந்திருந்தால் தெருவுக்கு ஏன் வருகிறார்கள்?

எங்கள் வீடு உழவர்கரை நகராட்சியில், தாழ்வான ஒரு பகுதியில். அப்பா சென்ட்ரிங் வேலை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். எங்கள் தெருவில் சில வருடத்துக்கு முன் புதிதாக வாய்க்கால் கட்டினார்கள். கான்கிரீட் நன்றாகத்தான் இருக்கிறது, தண்ணீர் மட்டும் போகவில்லை. சர்வே பாடம் படித்த தெம்பில், நண்பர்கள் இரண்டு பேரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை லெவல் கருவி வைத்துப் பார்த்தேன். பெரிய வாய்க்காலில் சேரும் முனையின் அடிமட்டம், எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள அடிமட்டத்தைவிட 11 செ.மீ. உயரம்! தண்ணீர் மேட்டில் ஏறுமா? போதாக்குறைக்கு ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போடுகிறார்கள். ரோடு உயர்கிறது, வசதி உள்ளவர் வீட்டை உயர்த்துகிறார், இல்லாதவர் வீடு பள்ளமாகிறது. எங்கள் வீட்டுக்குள் இறங்க இப்போது இரண்டு படி.

அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனோம். "இது எங்க செக்ஷன் இல்லப்பா" என்றார் ஓர் அலுவலகத்தில். அவர் சொன்ன இடத்தில் "அது கம்பெனி போட்டது" என்றார்கள். மூன்றாவது இடத்தில் தாளை வாங்கிக்கொண்டார்கள். இன்றுவரை வாங்கிக்கொண்டதுதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரையேறி நகராமல் நின்றது. ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை. கிருஷ்ணா நகர், ரெயின்போ நகர் எல்லாம் மூழ்கி, மக்களை மீட்க ராணுவமே வந்தது. அப்படிப்பட்ட மழையை எந்த வாய்க்காலும் தாங்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரெயின்போ நகர் சாதாரண ஐப்பசி மழைக்கே மூழ்குகிறதே! எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த மதகு அடைத்துக்கொள்ளும் என்பது அந்தந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், கேட்காவிட்டால் அடுத்த தேர்தலில் அவரை இறக்கிவிட வழி வேண்டும்.

"எம்.எல்.ஏ. இருக்காரே, அது போதாதா?" என்பார்கள். உண்மைதான், இந்தச் சின்ன மாநிலத்தில் தேர்ந்தெடுத்த எம்.எல்.ஏ.க்களே 30 பேர். குழாய் உடைந்தாலும் அவரிடம்தான் ஓடுகிறோம். ஆனால் தண்ணீருக்குத் தொகுதி எல்லை தெரியாது. ஒரு தொகுதியில் வாய்க்காலை அகலப்படுத்தினால் வெள்ளம் அடுத்த தொகுதியில் போய் நிற்கிறது. முழு நகரத்தையும் ஒரே வரைபடமாக விரித்து வைத்து வார்டுக்காரர்கள் சண்டை போட்டு முடிவெடுக்கும் இடம் நகராட்சி மன்றம். சட்டசபை அந்த வேலைக்கு ஏற்பட்டதல்ல.

அப்பாவிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார். 2006இல் ஓட்டுப் போட்டவர் அவர். "வந்தவன் மட்டும் இன்னா கிழிச்சான்?" என்கிறார். கொஞ்சம் பேசவிட்டால் அவரே, "ஆனா ராத்திரி பத்து மணிக்கும் அவன் வூட்டுக் கதவைத் தட்டலாம்" என்று ஒத்துக்கொள்கிறார். கவுன்சிலர்கள் எல்லாரும் யோக்கியர்கள் என்று நானும் சொல்லவில்லை. கதவு எங்கே இருக்கிறது என்றாவது தெரியும் அல்லவா?

நம் மாநிலத்திலேயே கிராமத்தார்க்கு இந்த மரியாதை கிடைத்திருக்கிறது. 1999இல் ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தபோது, ஏரிதோறும் பாசனக்காரர்களின் சங்கம் அமைத்து வேலை செய்தார்கள். ஏரிக்குச் சங்கம் உண்டு, தெருவுக்கு இல்லை! வடக்கே எல்லை தாண்டினால் கோட்டக்குப்பம். 2021இல்தான் நகராட்சி ஆனது, 2022 பிப்ரவரியிலேயே தேர்தல் நடந்துவிட்டது. நம் மாஹேவைச் சுற்றியுள்ள கேரளத்தில் 2020லும் 2025லும் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது; மாஹேக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் முதல் நாடு முழுவதும் நடப்பில் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அதன் கட்டளை. நகரத் திட்டமிடல், சாலை, குடிநீர், துப்புரவு என்று 18 பணிகளையும் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது.

நம் பேரவை வருடாவருடம் பஸ் பாஸ், ஸ்டைபண்ட், ஆய்வகக் கருவி என்று தீர்மானம் போடுகிறது. இந்த ஆண்டு கூடுதலாக ஒன்று போட வேண்டும்: நகராட்சித் தேர்தலை உடனே நடத்து. சிவில் பிரிவு நண்பர்களிடம் இன்னொரு வேண்டுகோள். ஆளுக்கொரு தெருவாக வாய்க்கால் மட்டம் எடுப்போம். வரப்போகிற கவுன்சிலர் யாராக இருந்தாலும் முதல் நாளே அவர் மேஜைமேல் வைக்க ஒரு வரைபடம் தயாராக இருக்கட்டும். எங்கள் தெருக் கணக்கு என்னிடம் இருக்கிறது. கையெழுத்துத் தாள் மூன்றாம் ஆண்டு சிவில் வகுப்பில், கடைசி பெஞ்சில் கிடைக்கும்.