வெட்டினால் துளிர்க்காத மரம்

கிளுவை வேலியையும் பூவரசையும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆண்டுதோறும் அவற்றின் கிளைகளைத் தறிக்கின்றோம். மழை கண்டதும் அவை முன்னிலும் செழிப்பாகத் துளிர்க்கின்றன. முருங்கையோ முறித்து நட்டாலும் வளரும். ஆதலால், மரமென்றால் வெட்ட வெட்டத் தழைப்பது என்னும் எண்ணம் நம் மனத்தில் ஊறிக் கிடக்கின்றது. இவ்வெண்ணத்தோடு ஸ்புறூஸ் மரத்தை அணுகுவோர் ஏமாற்றமடைவர்.

1983 ஆம் ஆண்டின் பின்னர் கனடாவிற் குடியேறிய நம்மவர் பலர், இன்று ரொறன்ரோ நகரைச் சூழ்ந்த பகுதிகளில் முற்றமுள்ள வீடுகளில் வாழ்கின்றனர். அம்முற்றங்களில் அடிக்கடி காணப்படும் அலங்கார மரம் நீல ஸ்புறூஸ். அங்கே உறவினரையுடைய குடும்பங்களுக்கும், தாவரவியல் பயிலும் மாணவர்க்கும் பயன்படுமென எண்ணி, அதன் வளர்ப்பு முறையை இவ்வாரம் கூறுகின்றோம்.

இம்மரத்தின் தாயகம் அமெரிக்காவின் றொக்கி மலைத்தொடராகும். கொலறாடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்தில் 1862 ஆம் ஆண்டிலே சாள்ஸ் பரி என்னும் தாவரவியலறிஞர் இதனைக் கண்டறிந்தார். 1939 முதல் இது கொலறாடோ மாநிலத்தின் மரமாக விளங்குகின்றது. ஊசியிலைகளின் மேற் படிந்துள்ள மெழுகே இதன் நீல நிறத்துக்குக் காரணம். விரலால் அழுத்தித் தேய்த்தால் மெழுகு அகன்று பச்சை நிறம் வெளிப்படும். எண்ணெய் கலந்த பூச்சிமருந்து தெளித்தாலும் நீலம் மங்கிவிடும்.

இம்மரத்திற் புதுத்தளிரைத் தரவல்ல மொட்டுகள் இளங்கொம்புகளிலேயே உள்ளன. இலையுதிர்ந்த பழைய கொம்பை வெட்டினால் அது மீண்டும் துளிர்ப்பதில்லை. மோட்டார் வண்டிக்கு இடையூறென்று கீழ்க்கிளைகளைத் தறித்துவிட்டு, அடுத்த வசந்தத்தில் தழைக்குமெனக் காத்திருப்போர் உளர். தழையாது. நிலந்தொடப் பாவாடை விரித்தாற்போல நின்ற மரம், வாழ்நாள் முழுவதும் வெறுங்காலுடன் நிற்கும்.

ஆகையால் இம்மரத்தைப் பேணும் வேலையிற் பாதி, நடுகின்ற நாளிலேயே முடிந்துவிடுகின்றது. இன்று மூன்றடிக் கன்றாயிருப்பது, காலப்போக்கில் நாற்பது முதல் அறுபது அடி உயரமும், பதினைந்து அடிக்கு மேற்பட்ட அகலமும் கொள்ளும். வீட்டுச் சுவரிலும் பாதையிலுமிருந்து பதினைந்து அடியேனும் தள்ளி, நாளில் ஆறுமணி நேர வெயில் படும் இடத்தில் நடுதல் வேண்டும். இடம் சிறிதெனில், பல ஆண்டுகளின் பின்னும் மூன்று நான்கு அடியளவில் நிற்கும் 'குளோபோசா' என்னும் குள்ளவகையே உகந்தது.

குழி, வேர்க்கட்டியின் ஆழமும் அதனைப்போல் இருமடங்கு அகலமும் உடையதாயிருக்கட்டும். அடிமரத்தை மண்ணாற் புதைத்தலாகாது. மரத்தூளையோ பட்டைத் துண்டுகளையோ மூன்று அங்குலத் தடிப்பில் மண்மேற் பரப்பலாம். ஆனால் அவை அடிமரத்தைத் தொடலாகாது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள், மழையில்லாத வாரங்களில், மண்ணில் ஆழ ஊறும்படி நீர் விடுக. நிலம் உறையுமுன் ஒருமுறை நிரம்ப நீர் பாய்ச்சுதல் அவசியம். மாரியில் வெயிலும் காற்றும் இலைகளின் ஈரத்தை உறிஞ்சும்; உறைந்த மண்ணிலிருந்து வேர் அதனை ஈடுசெய்ய இயலாது. ஊசிகள் பழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மலைநாட்டு உலர்காற்றுக்குப் பழகிய இம்மரத்தை, ஒன்ராறியோவின் ஈரக்கோடையில் ஒருவகைப் பூஞ்சணம் தாக்குகின்றது. முதலிற் கீழ்க்கிளைகளின் உட்புறத்து ஊசிகள் ஊதா கலந்த பழுப்பாகி உதிரும். நெருக்கமாக நடாமையும், தெளிகுழாய் நீர் இலைகளிற் படாமற் காத்தலுமே முதற் காப்பு. நோய் கண்டால், வசந்தத்தில் புதுத்தளிர் பாதி நீண்ட வேளையில் செம்புசேர் மருந்தைத் தெளித்து, மூன்று நான்கு வாரங்களின் பின் மீண்டும் தெளித்தல் வேண்டும். இதனை அடுத்த ஆண்டும் செய்க. மருந்து புதிய ஊசிகளைக் காக்குமேயன்றி, உதிர்ந்தவற்றை மீட்காது.

ஊசிகள் புழுதி படிந்தாற்போல் மங்கினால், ஒரு வெள்ளைத்தாளைக் கிளையின் கீழ்ப் பிடித்துத் தட்டிப் பாருங்கள். நுண்ணிய புள்ளிகள் தாளில் ஊர்ந்தால் அவை சிற்றுண்ணிகள். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினாற் பெரும்பகுதி நீங்கிவிடும்.

கத்தரிக்கவே கூடாதோ எனில், அவ்வாறன்று. புதுத்தளிர்களின் நுனியை முன்கோடையிற் சிறிது குறைக்கலாம்; மரம் அடர்ந்து வளரும். காய்ந்த கிளைகளை எக்காலத்தும் நீக்கலாம். உச்சிக்கொழுந்து முறிந்தால், அருகிலுள்ள இளங்கிளையொன்றைத் தடியோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டினால் அது தலைமை ஏற்கும்.

மாரியின் கடுங்குளிரில் உறங்கியெழும் இம்மரம் யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஏற்றதன்று. இங்கு நமக்குப் பூவரசே போதும். கடல் கடந்த உறவினர் தம் முற்றத்து ஸ்புறூஸைத் தறிக்கக் கத்தி தேடுவதாகச் சொன்னால், கீழ்க்கிளையைத் தொடவேண்டாமென்று மட்டும் சொல்லிவையுங்கள்.