நட்சத்திரம் தொங்கவிட ஒரு வாசல்

நத்தார் காலம் வந்துவிட்டால் வடக்கில் ஒளிவிழாக்களுக்குப் பஞ்சமில்லை. பாடசாலை, பிரதேச செயலகம், வங்கி, முன்பள்ளி என்று எங்கும் ஒளிவிழா. படையினரும் நடத்துகிறார்கள். கரோல் கீதம், நத்தார் தாத்தா, பிள்ளைகளுக்குப் பரிசுப்பொதி, கடைசியில் குழுப்படம். மறுநாள் அந்தப் படம் செய்தியாக வரும், 'நல்லிணக்கம்' என்ற சொல்லும் அதில் எங்காவது இருக்கும். பொதியை வாங்கும் பிள்ளையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. கொடுக்கும் சிப்பாயும் பெரும்பாலும் எங்கோ ஓர் ஏழைக் கிராமத்திலிருந்து வந்தவன்தான். என்னை உறுத்துவது வேறு. அந்த மண்டபத்தில் வீட்டுக்காரர் விருந்தாளியாகவும், விருந்தாளி வீட்டுக்காரராகவும் மாறிப்போகிறார்கள். காணியை இழந்தவன் வரிசையில் நிற்கிறான், காணியை வைத்திருப்பவர் உபசரிக்கிறார்.

எமது கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் நத்தார் கோவிலில் தொடங்கினாலும் வீட்டில்தான் நடக்கும். டிசெம்பர் பிறக்கும்போதே வேலி அடைத்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். இருபத்தைந்துக்குச் சில நாட்கள் முன்னர் பழைய பேணிகளில் நெல்லும் பயறும் விதைப்போம். நாள் வரும்போது அவை பாலன் குடிலுக்குப் புல்வெளியாக முளைத்து நிற்கும். சீமெந்துப் பைக் கடதாசியைக் கசக்கிச் சாயம் பூசினால் மலை. வெட்டி நட்ட சவுக்கங் கிளைதான் நத்தார் மரம். கமுகஞ் சலாகையில் கட்டி ரிசுத்தாள் ஒட்டிய நட்சத்திரம் வாசலில் ஏறும். அடுப்படியில் பயத்தம் பணியாரமும் அச்சுப் பலகாரமும் முறுக்கும் நடக்கும், கையில் கொஞ்சம் காசிருந்தால் ரவைக் கேக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சைவ அயலிலிருந்து வந்த தட்டுகளுக்கு நாங்கள் பதில் சொல்லும் நாளும் அதுதான். தட்டை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்புவார்கள்.

இதற்கெல்லாம் பெரிய செல்வம் தேவைப்படவில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் மருந்துபோல அளந்து வந்தது. அப்போதும் நட்சத்திரத்துக்குள் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. சீனி இல்லாத வீட்டில் பனங்கட்டி இருந்தது. குண்டுவீச்சுக்குப் பயந்து நள்ளிரவுத் திருப்பலி மாலையிலேயே முடிந்த ஆண்டுகளிலும் தட்டுகள் வேலிக்கு மேலால் போய்வந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது நாங்கள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒதுங்கினோம். அந்த நத்தாருக்கு நட்சத்திரம் கட்ட எல்லாம் தயார். அம்மாதான் மறித்தார். "இது எங்கட வாசல் இல்லையே" என்றார். சலாகையை அடுப்புக்கு வைத்தோம். இல்லாமை வேறு, வாசல் இல்லாமை வேறு என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.

போர் முடிந்து இத்தனை ஆண்டுகளின் பின்னும் அந்த வேறுபாடு வடக்கில் உயிரோடு இருக்கிறது. மன்னாரின் முள்ளிக்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஊர் கடற்படைத் தளமாகியது. திரும்பி வந்தவர்கள் மலங்காட்டில் கொட்டில் போட்டு இருந்தார்கள். அவர்கள் கட்டிய வீடுகளிலோ கடற்படையினரின் குடும்பங்கள் குடியிருந்தன. தமது முன்னோர் எழுப்பிய கோவிலுக்குத் தாமே அனுமதியோடு போய்வரும் நிலை. 2017 மார்ச்சில் வீதிக்கு இறங்கிய பிறகு, ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படைத் தளபதி அறிவித்தார். அது பெரிய வெற்றிதான். ஆனால் தளம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, ஊர் முழுதாகத் திரும்பவில்லை. அந்த மக்களின் வாசலில் அன்று தொங்கிய நட்சத்திரங்கள் யார் கட்டியவை என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இரணைதீவு மக்கள் யாருடைய அறிவிப்பையும் எதிர்பார்க்கவில்லை. 1992இல் இடம்பெயர்ந்து இரணைமாதா நகரில் கால் நூற்றாண்டு காத்திருந்தவர்கள், ஏறத்தாழ ஒரு வருடம் போராடிப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வள்ளங்களில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு தமது தீவில் இறங்கினார்கள். இன்றும் பல குடும்பங்களுக்குத் தீவில் ஒரு கால், தரையில் ஒரு கால். வீடு கட்ட உதவியும் பாடசாலையும் போக்குவரத்தும் இல்லாமல் மீள்குடியேற்றம் என்பது தொழிலுக்குப் போய்வருவதாகத்தான் முடியும். மயிலிட்டியிலும் 27 ஆண்டுகளின் பின் 2017இல் துறைமுகம் திரும்பக் கிடைத்தபோது, பலர் தமது வளவின் எல்லையைக் கிணற்றை வைத்தே கண்டுபிடித்தார்கள்.

காணி என்றதும் இதைப் பழைய கதை என்று சொல்பவர்கள் 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானியை மறந்திருக்கக்கூடாது. வடக்கில் 5,900 ஏக்கருக்கும் மேற்பட்ட காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றது அது. உறுதி எரிந்துபோனவனும் புலம்பெயர்ந்து இருப்பவனும் மூன்று மாதத்தில் எங்கே போவது? எதிர்ப்பும் உயர் நீதிமன்ற வழக்கும் வந்த பிறகே அது மீளப்பெறப்பட்டது.

வாசல் இருந்தும் நட்சத்திரம் ஏறாத வீடுகள் இன்னொரு வகை. எமது ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. செத்த வீட்டில் அந்த வருடம் சோடனை இல்லை, பலகாரச் சட்டி அடுப்பில் ஏறாது. அயலவர்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அடுத்த வருடம் அந்த வீட்டிலும் நட்சத்திரம் ஏறும். துக்கத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வைத்த ஏற்பாடு அது. வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் இந்தக் கணக்கு எப்படிப் போகும்? இறந்த திகதி இல்லை, ஆகவே துக்க வருடம் தொடங்கவே இல்லை. தொடங்காதது முடிவதும் இல்லை. சோடித்தால் பிள்ளையை மறந்த தாய் என்று ஊர் பார்க்கும். சோடிக்காவிட்டால் பிள்ளை செத்துவிட்டான் என்று தானே ஒத்துக்கொண்டதாகும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மாரில் பலர் விடை தெரியாமலே இறந்துபோனார்கள். மரணச் சான்றிதழும் இழப்பீடும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அதிகாரிகள், அவர்கள் கேட்பது பணத்தை அல்ல என்பதை விளங்கிக்கொள்ள மறுக்கிறார்கள்.

2025இல் டித்வா புயல் வேறு வந்தது. 600க்கும் மேற்பட்ட உயிர்களை நாடு பறிகொடுத்தது. மலையகத்தில் மண்சரிவு, மன்னாரில் வெள்ளம். ஆடம்பரத்தைத் தவிர்ப்போம் என்றார்கள். நியாயம்தான். ஆனால் ஆடம்பரத்தைத் தவிர்ப்பதென்றால் பலகாரக்காரியிடம் வாங்குவதை நிறுத்துவது என்று நம்மில் பலர் விளங்கிக்கொள்கிறோம். பிளாஸ்டிக் மரத்தையும் சீன மின்விளக்குச் சரத்தையும் விட்டால் போதும். (வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு கிழமை நிற்கும் உறவுகளுக்காக மூன்று மாடிக்கும் சரவிளக்குப் போட்டு, அவர்கள் போனதும் பூட்டிவிடும் வீடுகளைப் பற்றி இன்னொரு நாள் எழுதலாம்.)

ஒளிவிழா நடத்தும் நிறுவனங்களிடமும் புலம்பெயர் சங்கங்களிடமும் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. உங்கள் பரிசுப்பொதிக்குள் இருப்பது யார் செய்தது? பெரும்பாலும் தொழிற்சாலை பிஸ்கட்டும், பெட்டி உடைக்கும் முன்பே உடையும் விளையாட்டுச் சாமானும்தான். போரில் கணவனை இழந்து, பனையோலைப் பெட்டியும் முறுக்கும் விற்றுப் பிள்ளைகளைப் படிப்பித்த பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஓலைப் பெட்டிக்குள் பலகாரம் வைத்துக் கொடுத்தால் அந்தக் காசு அதே ஊரில் நிற்கும். கேட்டால், 'அவர்களால் நேரத்துக்குத் தர முடியாது' என்பார்கள். டிசெம்பர் இருபதாம் திகதி போய் இருநூறு பெட்டி கேட்டால் யாராலும் தர முடியாது. குருத்தோலையை வெட்ட வேண்டும், காயவிட வேண்டும், வார்ந்து சாயமிட வேண்டும், பிறகுதான் பின்னலாம். மாரி மழை தொடங்கிவிட்டால் ஓலை காயாது. ஒக்டோபருக்கு முன்னரே சொல்லி, முற்பணமும் கொடுக்க வேண்டும்.