களஞ்சியமும் தூர்வாரலும்

நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற தஞ்சைத் தரணியில் பிறந்தவர்க்குக் களஞ்சியம் என்ற சொல்லுக்கு வியாக்கியானம் தேவையில்லை. ஆயினும், நிரல் எழுதுவோர் தம் ஆக்கத்தின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்கும் இடத்திற்கும் இன்று அதே பெயர் வழங்கிவருவதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 2005-ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் இயற்றிய கிட் என்னும் மென்பொருள், மாறிய கோப்பு ஒவ்வொன்றையும் முதலில் முழுமையாகத் தனியே வைத்துக்கொண்டு, அவ்வுதிரிகள் ஏறக்குறைய 6,700 ஆனதும், ஒத்தவற்றை ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் குறித்து, ஒரே கட்டாகச் சுருக்கிவிடும். அவ்வேறுபாட்டிற்குச் சாஸ்திரத்தார் இட்ட பெயர் நம் பிரதேசத்துக்கு வழங்கும் டெல்டா என்பதே.

வலிமை மிக்க யந்திரத்திற்கு இது அற்பக் காரியம். ஆனால் 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன் பெற்று இன்று தம்பி கைக்கு வந்திருக்கும் கணினியில், சாதாரணமாகப் பத்துப் பத்தாக ஒப்பிடும் இம்மென்பொருளைத் தீவிர முறையில் 250 வரை ஒப்பிடச் சொன்னால், நினைவகம் நிரம்பி, வட்டு இரவெல்லாம் இரைந்து, பையனுடைய வேலை முற்றிலும் ஸ்தம்பித்துப்போகிறது.

குற்றம் யந்திரத்தின்மீது இல்லை. வேலையைப் பங்கிட்ட விதத்தில்தான் இருக்கிறது. ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறப்பது மரபாகையால், அதற்கு முன்பே கோடையில் ஆறுகளையும் பெரிய வாய்க்கால்களையும் தூர்வாரும் பொறுப்பைச் சர்க்கார் ஏற்கிறது. குடியானவன் தன் வயல் வாய்க்காலை வெட்டிவிடுகிறானேயன்றி, அவன் கையில் ஒரு மண்வெட்டியைக் கொடுத்து வெண்ணாற்றைத் தூர்வாரச் சொல்வார் எவருமில்லை. அவ்வண்ணமே, கல்லூரியின் சக்தி வாய்ந்த சர்வரில் பெருஞ்சுருக்கத்தை ஒருமுறை செய்துவைத்தால், நகல் எடுக்கும் மாணவர்க்கு அதன் பலன் பெரும்பாலும் அப்படியே கிடைத்துவிடும். மாணவரும் தம் கணினியில் ஒப்பீட்டுக்குரிய நினைவகத்திற்கு வரம்பிட்டு, ஒரே இழையில் ஓடவிட்டு, 2020 அக்டோபரில் வந்த 2.29-ஆம் பதிப்பு முதல் கிடைக்கும் பராமரிப்புக் கட்டளையால் துப்புரவைச் சிறுகச் சிறுகச் செய்துகொள்ளலாம். தானியங்கித் துப்புரவை அடியோடு நிறுத்திவிட்டு மறந்துபோவது மட்டும் விவேகமன்று, ஏனெனில் தூர் வாராத வாய்க்காலில் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதில்லை.

ஆகவே, புதுக் கணினி வாங்கிவா என்று ஏழை மாணவனை நிர்ப்பந்திக்குமுன், கல்லூரிகள் தம் சர்வரைத் தூர்வாரி வைக்கட்டும்.