பெயர் தாங்கிய கல்

முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் நிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது எங்கள் தேனிப் பக்கத்து வழக்கம். நிலத்துக்கு எண் போதும். உயிரைக் கொடுத்தவனுக்குப் போதுமா?

வேலூர் மணிக்கூண்டில், 1914-18 மகாயுத்தத்துக்கு இவ்விடத்திலிருந்து 277 பேர் சென்றனர், அவர்களுள் 14 பேர் பிராணத் தியாகம் செய்தனர் என்று ஆங்கிலத்தில் பொறித்த கல் இருக்கிறது. அந்தப் பதினால்வர் யார் என்று அது சொல்வதில்லை. பட்டாளச் சேவையை முடித்து ஊர் திரும்பி, ஏர் பிடித்துக்கொண்டிருந்த ரிசர்வ் சிப்பாய்களையும் சர்க்கார் அந்த யுத்தத்துக்குத் திரும்ப அழைத்தது. மெசபடோமியாவில் மாண்டவர்களுக்காக பாஸ்ராவில் எழுப்பிய நினைவுச் சின்னத்திலோ, வெள்ளைச் சிப்பாய்க்குப் பெயரும் இந்தியச் சிப்பாய்க்கு வெறும் தொகையுமே வாய்த்தன. அந்தப் பாரபட்சத்துக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வருத்தம் தெரிவித்தது 2021-இல்தான்.

இந்த விஷயத்தில் எங்கள் ஜில்லாவின் பூர்வீகர்கள் மேலான நாகரிகம் உடையவர்கள். ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட நடுகல் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவர்தலில், பட்டவன் பேடு என்னும் ஊரினனான தீயன் அந்தவன் என்று மூன்றே வரியில், தமிழி எழுத்தில், ஊரும் பேரும் சொல்லி நிற்கிறது. அந்தக் கூடலூர் எங்கள் தலைமடைக் கூடலூர்தான் என்பாரும் உண்டு. அவன் நித்தியச் சம்பளம் வாங்கிய சேனாவீரன் அல்லன், ஆநிரைக்கு ஆபத்து என்றதும் ஆயுதம் எடுத்த ஊர்க்காரன் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவனுக்கு இன்று நெருங்கிய உறவு, 1949 அக்டோபர் 9-ஆம் தேதி கவர்னர் ஜெனரல் ராஜாஜி தொடங்கிவைத்த பிரதேச ராணுவத்தின் சிப்பாய்தான். வருஷத்தில் சில வாரப் பயிற்சி, மற்ற நாளெல்லாம் சொந்தத் தொழில் என்றிருப்பவன் அவன். 1987-இல் இலங்கை சென்ற அமைதிப்படையோடு இப்படையின் பிரிவுகளும் சேவை புரிந்தன. அங்கே மாண்ட ஏறக்குறைய 1,200 இந்திய வீரர்களுக்குக் கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் எழுப்பிய சின்னத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அயல் மண்ணில் அகப்பட்ட இடம் சொந்த ஊரில் அகப்படவில்லையென்றால், அது நம் அசிரத்தையேயன்றி வேறில்லை.

போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடுகளில் சிப்பாயின் தகப்பன் பெயரும் கிராமமும் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்துத் தத்தம் ஊராரின் பெயர்களைக் கல்லில் வெட்டுவதற்கு எங்கள் பேரூராட்சியோ வேலூர் மாநகராட்சியோ டில்லியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கல்தச்சனுக்கு நாலு நாள் கூலி ஆகும்.